பஞ்சப்படி சேர்த்த பட்டம்

1

ஒரு தேசத்தின் எதிர்காலம் அதன் ரசாயன உலைகளில்தான் கொதித்துக்கொண்டிருக்கிறது.

இந்த வரியோடுதான் தொடங்குவதாக இருந்தேன். எழுதிப் படித்தால் பட்டமளிப்பு விழாவில் யாரோ மைக்கைப் பிடித்துக்கொண்டு விடாமல் பேசுவது போல இருந்தது. உண்மையில் அன்று கொதித்தது, கல்கத்தா டாக்குரியாவில் ஒரு மூன்றாம் மாடி வீட்டுக் குக்கரில் பருப்பு. கதை பிறந்ததோ ஒரு ஃபுல்ஸ்கேப் தாளில். அதன் கார்பன் பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது. எப்படி வந்தது என்று கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் என்னை நம்பமாட்டீர்கள்.

2

வருடம் 1998. ஜம்புநாதன் மத்திய அரசின் தணிக்கை அலுவலகம் ஒன்றில் அதிகாரி. ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. அவர் வீட்டில் எதற்கும் ஃபைல் உண்டு. அவர் குறிப்பு எழுதுவார். மனைவி கோமதி “பார்த்தேன்” என்று கையெழுத்திடுவாள். மேல் மாடியில் குடியிருந்த சக ஊழியர் “சரிபார்த்தேன்” என்று போடுவார். ஆளுக்கொரு பிரதி.

(ஃபிரிட்ஜ் ஃபைலில் கோமதி எழுதியது: “பார்த்தேன். ஐஸ் எதற்கு?” அந்த ஃபைல் மூன்று வருடம் நிலுவையில் கிடந்தது.)

இந்த முறை ஃபைலின் பொருள், மகள் தீப்தி. தமிழ்நாட்டில் ஒரு தனியார் கல்லூரியில் கெமிக்கல் இன்ஜினியரிங் இடம் கிடைத்திருந்தது. அவளுக்கு வேறெதுவும் வேண்டாம். நான்கு வருடத்துக்கு, விடுதியோடு, இரண்டு லட்சத்து முப்பத்தாறாயிரம். மாற்று வழி: வீட்டிலிருந்தபடியே பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, பிறகு பாங்க் பரீட்சை. செலவென்று பார்த்தால் பஸ் டிக்கெட். பணம் ஃபிக்சட் டெபாசிட்டில் இருந்தது. ஓய்வுக்குப் பின் தாம்பரத்தில் வீடு கட்டுவதற்காக வைத்தது. வேறு வீடு கிடையாது. வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குள் டிராஃப்ட் எடுக்காவிட்டால் இடம் போய்விடும்.

3

ஜம்புநாதனைக் கஞ்சனாக எழுதிப் பார்த்தேன். “அவர் உதட்டோரத்தில் ஒரு குரூரமான”

இல்லை. மனிதர் பதினோரு நாள் மின்சார ரயிலில் நின்றுகொண்டே கணக்குப் போட்டார். இன்ஜினியருக்கு ஒரு பத்தி, பாங்க் குமாஸ்தாவுக்கு ஒரு பத்தி, 2030 வரை. பட்டம் தன் செலவை 2008-லேயே மீட்டுவிடும் என்று வந்தது. “ஒப்புதலுக்கு உகந்தது” என்று முடித்திருந்தார். மகளைக் குறிப்பு நெடுக “விண்ணப்பதாரர்” என்றே எழுதியிருந்தார்.

4

வெள்ளிக்கிழமை காலை பத்தரை. மழை, தெருவில் முழங்கால் தண்ணீர். ஜம்புநாதன் டெபாசிட் ரசீதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டிருந்தார். சரிபார்த்தவர் ஆபீஸுக்குக் கிளம்பி மாடிப்படி இறங்கி வந்தார். தீப்தி வழிமறித்தாள். கையில் அம்மாவின் பிரதி.

“மாமா, இன்ஜினியர் சம்பளத்துல வருஷத்துக்கு ரெண்டு தடவை டி.ஏ. ஏத்தியிருக்கே. ப்ரைவேட் கம்பெனில அத யாரு குடுப்பா?”

(டி.ஏ. என்றால் பஞ்சப்படி. விலைவாசி ஏற ஏற, அரசு ஊழியருக்கு ஜனவரியிலும் ஜூலையிலும் தானாக ஏறும். முப்பத்தைந்து வருடம் அதை வாங்கியவருக்கு, பஞ்சப்படி இல்லாத சம்பளம் என்று ஒன்று உலகத்தில் இருக்கும் என்றே தோன்றவில்லை.)

சரிபார்த்தவர் தாளை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு தூரத்தில் பிடித்தார். இரண்டு தூரத்திலும் அது தப்பாகவே இருந்தது.

“அத எடுத்துட்டா?”

“போட்டுப் பாத்துட்டேன். பணம் திரும்ப 2029 ஆயிடும். அப்பாக்கு எண்பத்தொம்போது வயசு.”

“அப்பாகிட்ட சொல்லிடும்மா.”

“வெரிஃபை பண்ணினது நீங்கதானே? நீங்க சொல்லுங்கோ.”

அவர் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றார். தண்ணீரில் ரயில் ஓடவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

“தூர், நான் சொன்னா சீட் போச்சு,” என்று வங்காளிகளைப் போல அலுத்துக்கொண்டாள். “சொல்லலேன்னா இவாளுக்கு வீடு போச்சு.”

உள்ளேயிருந்து ஜம்புநாதன் குரல்: “விண்ணப்பதாரர் எங்கே? ஒரு கையெழுத்து பாக்கி.”

“விண்ணப்பதாரர் மாடிப்படில நிக்கறா,” என்றாள் கோமதி. “ஏன்னா, குடைய எடுத்துண்டேளா?”

5

முடிவுகள் கைவசம் உள்ளன.

அவள் சொல்லிவிடுகிறாள். ஜம்புநாதன் அந்தப் பத்தியைச் சிவப்பு மையில் அடிக்கிறார். திங்கட்கிழமை பி.எஸ்சி. விண்ணப்பம் வாங்குகிறார்கள். ஆடிட்டில் மகள் தன்னையே பிடித்த கதையை அவர் பார்ப்பவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்கிறார். அவள் சிரிப்பதில்லை.

அல்லது, கையெழுத்திடுகிறாள். படித்து முடித்து ஏதோ ஓர் ஊரில் வேலை. ஒவ்வொரு ஜனவரியும் ஜூலையும் வாடகை வீட்டிலிருந்து அப்பா எஸ்.டி.டி. போட்டு, “இந்தத் தடவை டி.ஏ. எத்தனை பர்சென்ட்?” என்கிறார். அவள் ஒவ்வொரு முறையும் ஓர் எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

(கோமதிக்கு எல்லாம் முன்பே தெரியும் என்று முடித்தால் நீங்கள் கண் கலங்குவீர்கள். எழுதி, அடித்துவிட்டேன். அவள் குடையைத்தான் தேடிக்கொண்டிருந்தாள்.)

நடந்தது எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். சொன்னால் அவள் செய்தது சரியா தப்பா என்று நீங்களும் ஒரு ஃபைல் போடுவீர்கள். மணி பத்து நாற்பது. பேனா தீப்தியின் கையில். நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

என் பங்குக்கு ஒன்று பாக்கி. சரிபார்த்தவர் நான்தான். ஒரு வரியையும் கூட்டிப் பார்க்கவில்லை. என் பிரதியில் “சரிபார்த்தேன்” என்ற சொல்லின் மேல் கோமதி கொடுத்த கேசரியின் நெய்க்கறை இருக்கிறது.