கடல விருந்து

பிப்ரவரி 11: ‘கடல் விருந்து’ பேனரில் ‘ல்’ மேல் புள்ளி வைக்காமல் விட்டதை, மாதிரியை அச்சடித்த பிறகுதான் பார்த்தேன். திரையில் தெரியவில்லை என்றாலும் தவறு என்னுடையதுதான்.

இதை டைரியில் எழுதிவிட்டு ஹெலன் செங்கல்பட்டு டிசைன் மாலை வகுப்புக்குள் நுழைந்தாள். திருவிடந்தையில் மீன் கடை வைத்திருக்கும் தேவேந்திரன், பேனர் மாதிரியோடு காத்திருந்தார்.

“கடல விருந்துன்னு போட்டுகீறியேம்மா. நான் இன்னா, வறுத்த கடலயா விக்கிறேன்?”

வகுப்பே சிரித்தது.

“அந்த டேப்லெட்ட ரெண்டாவது திரையா வச்சிகினு பேஜாரு பண்ற,” என்றார் ஆசிரியர் கிருபாகரன். “வயர் இல்லாம வந்தா படம் மங்கத்தான் செய்யும். வேலைய பக்கத்து மேசை சாம் கிட்ட குடுத்துடு.”

ஹெலனுக்குத் தன்மேல் எப்போதும் சந்தேகம்தான். ஆனாலும், “குடுக்க மாட்டேன் சார்,” என்றாள்.

முதலில் டேப்லெட்டை ரூட்டர் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எழுத்து மங்கலாகவே இருந்தது. அடுத்து டிஸ்ப்ளே செட்டிங்கைத் திறந்தாள். படம் திக்கித் திக்கி வருகிறதென்று அவளே ஒருநாள் ரெசல்யூஷனைக் குறைத்திருந்தாள். அதை டேப்லெட்டின் அளவுக்கே ஏற்றினாள். எழுத்து தெளிந்தது, ஆனால் மவுஸ் திணறியது. வகுப்பே பங்குபோட்டுக்கொண்டிருந்த வைஃபையை விட்டு, அதே ரூட்டரின் நெரிசல் இல்லாத 5 ஜிகாஹெர்ட்ஸ் இணைப்புக்கு கம்ப்யூட்டர், டேப்லெட் இரண்டையும் மாற்றினாள். திணறல் நின்றது.

“அண்ணா, இப்ப பாருங்க.”

தேவேந்திரன் குனிந்தார். “ஆமா, ‘ல’ மொட்டையா கீது.”

ஹெலன் புள்ளியை வைத்தாள். “வயர் இல்லாமயே தெரியுது சார்.”

“சரி, நீயே முடி,” என்றார் கிருபாகரன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

பேனர் வேலையைச் சாம் முடிக்கட்டும் என்று கிருபாகரன் ஏற்கெனவே அவன் மேசையில் வைத்திருந்த தன் பென்டிரைவை எடுத்துக்கொண்டு வந்து அவள் டைரியில் எழுதினாள்: நாளை, தேவேந்திரன் கடையின் மீன் விலைப் பலகையை இதே திரையில் செய்ய வேண்டும்.