தோன்கா டீச்சர் சிவப்பு மையில் போட்ட மதிப்பெண்கள்

இறந்து ஆறு வருஷம் ஆன தோன்கா டீச்சர், தன்னுடைய நினைவு நாள் நோட்டீஸைத் தானே திருத்தி அதற்கு மூன்று மதிப்பெண் போட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. எங்கள் யாசெனிட்சாவில் செத்தவர்களுக்கு நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், பிறகு வருஷா வருஷம் என்று போட்டோ போட்டு நோட்டீஸ் அடித்து, வாசல் கதவு, பஸ் நிறுத்தம், ரொட்டிக் கடை, வால்நட் மரம் என்று ஓர் இடம் விடாமல் ஒட்டுவோம். ஊரில் இருநூறு பேர் இருக்கிறோம், சுவரில் நானூறு பேர் இருக்கிறார்கள். டீச்சரின் கணவர் மின்சோ அன்று காலை ஒட்டிய நோட்டீஸில், 'சாந்த சொரூபி, யாரையும் அதட்டிப் பேசாதவர்' என்று ஒரு வரி இருந்தது. மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் நேரம், ஈ காக்கை சத்தம் போட்டாலும் சண்டைக்கு வருவார்கள். நான்கு மணிக்கு எழுந்து வந்து பார்த்தால் அந்த வரியின் மேல் சிவப்புக் கோடு, ஓரத்தில் 'பொய். 3'. அந்த மூன்றின் வால் எப்படி வளையும் என்று நாற்பது வயதைத் தாண்டிய எல்லாருக்கும் தெரியும், வாங்கியிருக்கிறோம். எங்கள் பள்ளிக்கூடங்களில் ஆறுதான் உச்சம், இரண்டு என்றால் பெயில். மூன்று என்றால் போனால் போகிறது என்று அர்த்தம்.

யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. நோட்டீஸும் அச்சடித்துக் கொடுக்கும் ரொட்டிக் கடைக்காரி ஸ்லாவ்கா, திருத்திய பிரதிக்குப் பாதி விலைதான் என்றாள். பாதிரியார் த்ரிஃபோன் வந்து மின்சோவின் வீடு முழுக்கப் புனித நீர் தெளித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய பிரசங்கத் தாளின் மேல் 'ஒரே விஷயத்தை எத்தனை தடவை?' என்று சிவப்பில் எழுதியிருந்தது. அதற்குப் பிறகு அவர் தெளிக்கவும் இல்லை, பிரசங்கம் பதினைந்து நிமிஷத்தைத் தாண்டவும் இல்லை. டீச்சர் உயிரோடு இருந்தபோது ஊருக்குச் செய்த நன்மையைவிட இது பெரிது என்று நான் யாரிடமும் சொல்லத் தயார்.

மின்சோ முப்பத்தோரு வருஷம் எங்கள் ஊர் பஸ்ஸை ஓட்டியவர். ஆள் நல்லவர்தான், ஆனால் வாய் இருக்கிறதே, அது பஸ்ஸைவிட வேகம். அவருக்கு ஒரே மகன், பிளாமென். அவன் 2001-ல் ஸ்பெயினுக்கு, வாலென்சியா பக்கம் ஆரஞ்சு பறிக்கப் போனவன். பதினேழு வருஷமாக அப்பனும் மகனும் ஒரு வார்த்தை பேசவில்லை. தாயின் அடக்கத்துக்குக்கூட அவன் வரவில்லை. ஏன் வரவில்லை என்றால் மின்சோ சொல்லி அனுப்பவில்லை, அதனால் வரவில்லை. நாற்பதாம் நாள் கழிந்த பிறகு ஸ்லாவ்காதான் மனசு கேட்காமல் தகவல் அனுப்பினாள்.

அதே ஸ்லாவ்கா, நோட்டீஸ் திருத்தப்பட்ட வாரத்தில், தன் போனில் ஒரு படத்தை மின்சோவிடம் காட்டினாள். பிளாமென் தனியாளாக வளர்க்கும் மகள், எட்டு வயது, பெயர் அல்பா. மின்சோ கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அந்தக் குழந்தையின் தலையின் இரு பக்கமும் அவருடைய காதுகள் இருந்தன. மின்சோவின் காது சாதாரணக் காது இல்லை, பஸ்ஸின் இரண்டு பக்கக் கண்ணாடி மாதிரி துருத்திக்கொண்டிருக்கும். "பாவம், இந்தக் காது எங்கேர்ந்து வந்துச்சுன்னு அந்தப் புள்ளைக்கு யாரு சொல்லப் போறா?" என்றார். சொல்லிவிட்டு, கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு ஆறு வாங்கிக்கொண்டு போனார். தான் பிறந்தது முதல் நடந்ததையெல்லாம் எழுதி, தான் சாவதற்குள் பேத்தி கையில் சேர்த்துவிட வேண்டும் என்பது திட்டம்.

எழுத்து என்றால் மின்சோவுக்குத் தெரிந்தது நினைவு நாள் நோட்டீஸ் ஒன்றுதான். எனவே முதல் நோட்டின் முதல் வரியை, 'ஆழ்ந்த துயரத்துடன் அறிவித்துக்கொள்வது என்னவென்றால், 1943-ஆம் ஆண்டு மின்சோ ஆகிய நான் பிறந்தேன்' என்று ஆரம்பித்தார். மத்தியானத் தூக்கம் முடிந்து வந்து பார்த்தபோது, 'யார் செத்தது? திருப்பி எழுது. 2' என்று இருந்தது. மின்சோ டீச்சரின் காலி நாற்காலியைப் பார்த்து, "அடியே, செத்தும் விடமாட்டியா நீ?" என்று கத்திவிட்டு, உட்கார்ந்து திருப்பி எழுதினார்.

அப்படியே ஒரு வருஷம் ஓடியது. பட்டாளத்தில் டாங்கி ஓட்டினேன் என்று எழுதினால், 'சமையலறை. உருளைக்கிழங்கு உரித்தது' என்று சிவப்பு. கிராமத்து நடனத்தில் தோன்காதான் என் பின்னால் சுற்றினாள் என்று எழுதிய அன்று ஓரத்தில் இடம் போதாமல் பின்பக்கம் முழுக்கச் சிவப்பு. அதை மின்சோ யாருக்கும் படித்துக் காட்டவில்லை, ஆனால் இரண்டு நாள் சீட்டியடித்துக்கொண்டே திரிந்தார். நான்கு மணி ஆனால் போகிற வருகிறவர்கள் ஜன்னல் பக்கம் நின்று, "மின்சோ அண்ணே, இன்னிக்கு எவ்ளோ?" என்று கேட்பது ஊருக்கே பழகிவிட்டது. "மூணரை" என்பார். பஸ் பனியில் சிக்கி, பயணிகளும் அவரும் ஒரு பன்றியும் ராத்திரி முழுக்க உள்ளேயே கிடந்த கதைக்கு நான்கு கிடைத்தது. அன்று பிளம் சாராயம் ஒரு புட்டியைத் திறந்து எல்லாருக்கும் ஊற்றினார். நான்குக்கு மேல் அவருக்கு அந்த வீட்டில் எப்போதும் கிடைத்ததில்லை.

நான்காவது நோட்டில் 2001 வந்தது. வந்ததும் வண்டி நின்றுவிட்டது. 'என் மகன் பிளாமென் வெளிநாடு போன அன்று அவனைக் கட்டித் தழுவி, ஆசீர்வதித்து, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பணியாரம் பொட்டலம் கட்டிக் கொடுத்து வழியனுப்பினேன்' என்று எழுதினார். இரண்டு. பணியாரத்தை எடுத்துவிட்டு எழுதினார். இரண்டு. கட்டித் தழுவியதைக் கை குலுக்கியதாக மாற்றினார். இரண்டு. அன்றைக்கு மழை பெய்தது என்று மட்டும் எழுதிப் பார்த்தார், அதற்கும் இரண்டு, கூடவே 'வெயில்' என்று ஒரு குறிப்பு. ஒன்பது முறை எழுதி ஒன்பது இரண்டு வாங்கிய பிறகு, ஒரு மாசம் பேனாவையே தொடவில்லை. கேட்டவர்களிடம் விரலில் வாயு என்றார். கடைசியில் ரொட்டி வாங்க வந்தவரை ஸ்லாவ்கா பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, அன்னிக்கு அந்த பஸ்ல நானும்தான் இருந்தேன். மூணாவது சீட்டு."

"நீ தூங்கிட்டு வந்த."

"கண்ணத்தான் மூடிட்டு வந்தேன். காதும் சேந்து மூடிக்குமாக்கும்?"

மின்சோ ரொட்டியைக் கல்லா மேல் வைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார். போய் எழுதினார். இவ்வளவுதான் எழுதினார், அரைப் பக்கம்கூட இல்லை: அன்றைக்கு பஸ்ஸை ஓட்டியது நான். என் மகன் பெட்டியோடு ஏறினான். 'ஆரஞ்சு பறிக்கவா உன்னைப் படிக்க வெச்சோம்? டிக்கெட் வாங்குடா' என்றேன். வாங்கினான். நாற்பது கிலோமீட்டர் நானும் பேசவில்லை, அவனும் பேசவில்லை. டவுனில் இறங்கும்போது அவன் என்னைப் பார்த்து நின்றான். 'கதவ சாத்தணும், எறங்கு. இனி இந்த பஸ்ல உனக்கு எடம் கெடையாது' என்றேன். அவன் இறங்கினான். நான் கதவைச் சாத்தினேன். இதை என் பேத்தி தெரிந்துகொள்ள வேண்டும், காது மட்டும்தான் அவளுக்கு என்னிடமிருந்து வர வேண்டும், இந்த வாய் வேண்டாம்.

அன்று நான்கு மணிக்கு மதிப்பெண்ணே இல்லை. அதற்குப் பதிலாக, கீழே மிச்சமிருந்த அரைப் பக்கத்தில் சிவப்பு மையில் டீச்சர் தன் பங்கை எழுதியிருந்தார்: ஒவ்வொரு புத்தாண்டு மத்தியானமும் பிளாமென் போன் பண்ணினான். பதினோரு புத்தாண்டு. ஒவ்வொரு தடவையும் 'அப்பா இருக்காரா?' என்று கேட்டான். நீ எனக்கு எதிரே உட்கார்ந்து குடல் சூப் குடித்துக்கொண்டிருந்தாய். நான் 'வெளியே போயிருக்கார்' என்று சொன்னேன். நீங்கள் இரண்டு பேரும் மறுபடி வாயைத் திறந்தால் மிச்சமிருப்பதும் போய்விடும் என்று பயந்தேன். தப்பு என்னுடையதும்தான்.

மின்சோவுக்கு அந்த போன்கள் நினைவு வந்தன. 'யாரு?' என்று கேட்பார், 'கல்வி ஆபீஸ்' என்பார் டீச்சர். புத்தாண்டு அன்றைக்குக்கூட வேலை பார்க்கும் கல்வி ஆபீஸை நினைத்து அவர் அத்தனை வருஷமும் பெருமைப்பட்டிருக்கிறார். அடுத்த பத்து நிமிஷம் அந்த வீட்டிலிருந்து வந்த சத்தத்தை நான் எழுத முடியாது, சுவரில் இருந்த நானூறு பேரும் காதைப் பொத்தியிருப்பார்கள். பிறகு அவர் மேசை டிராயரைத் திறந்து, டீச்சரின் சிவப்பு பென்சிலை எடுத்து, டீச்சர் எழுதியதற்குக் கீழே 2 என்று போட்டார்.

செத்த பெண்டாட்டிக்குப் பெயில் மார்க் போட்டவன் என்று ஊரில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. போட்டது சரி என்று ஆண்கள், கையில் கொள்ளி வைக்க என்று பெண்கள். பாதிரியாரிடம் கேட்டபோது, தன் பிரசங்கத் தாளை நினைத்தோ என்னவோ, தனக்கு அபிப்பிராயம் இல்லை என்று சொல்லிவிட்டார். மின்சோ மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நோட்டில் அந்த மூன்று நாளும் சிவப்பு எதுவும் வரவில்லை, வீடு அப்படி அமைதியாக இருந்தது. டீச்சர் செத்தபோதுகூடத் தனக்கு அவ்வளவு தனியாக இருக்கவில்லை என்று அவரே சொன்னார். நான்காம் நாள் இரண்டை அழித்து மூன்று போட்டார். ஞாயிற்றுக்கிழமை நான்கு ஆக்கினார். நாற்காலியைப் பார்த்து, "இதுக்கு மேல ஏத்த மாட்டேன், பாத்துக்க. நீ எனக்கு ஏத்தினியா?" என்றார். அடுத்த மத்தியானம் அந்த நான்குக்குப் பக்கத்தில் சிவப்பில் 'பார்த்தேன்' என்று ஒரு வார்த்தை இருந்தது. மின்சோ அன்றைக்கு இரண்டு தட்டு அவரைக்காய்க் குழம்பு சாப்பிட்டார்.

நோட்டை ஸ்பெயினுக்கு அனுப்பத் தபால் வேண்டாம் என்று முடிவு செய்தார். வாராவாரம் வாலென்சியாவுக்குச் சாமான் ஏற்றிப் போகும் வேன் ஒன்று உண்டு. அதன் டிரைவருக்கு எங்கள் ஊர்க்காரன் எவன் எந்தத் தோட்டத்தில் இருக்கிறான் என்று தலைகீழாகத் தெரியும். ஊறுகாய் ஜாடிகளுக்கும் தொத்திறைச்சிக்கும் நடுவில் நான்காவது நோட்டு போனது. வாரம் ஒன்று, இரண்டு, ஆறு ஆனது. வேன் திரும்பி வரும்போதெல்லாம் மின்சோ ஏதோ வேலையிருப்பது போல ரோட்டுக்கு வந்து நிற்பார். டிரைவர் ஒன்றும் இல்லை என்று கையை விரித்ததும் ஏதோ வேலை முடிந்தது போல வீட்டுக்குப் போவார். ஜன்னலில் யாரும் மதிப்பெண் கேட்பதில்லை.

நோட்டு ஆகஸ்டில் திரும்பி வந்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் ஒரு சிறுமி நின்றாள், முதலில் தெரிந்தது காதுதான். அவளுக்குப் பின்னால் முடி நரைத்த ஒரு ஆள் நின்றான், அது பிளாமென். பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு தகப்பனும் மகனும் பேசியது இது:

"சாப்டியா?"

"சாப்டேன்."

"பொய் சொல்லாத. உள்ள வா."

மின்சோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டைத் திறந்தார். தன்னுடைய கறுப்பு, டீச்சரின் சிவப்பு, இரண்டுக்கும் கீழே நீல மையில் இரண்டு வரி. 'அம்மா பொய் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். அப்பா சூப் உறிஞ்சுகிற சத்தம் போனிலேயே கேட்கும், அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் வருஷா வருஷம் அதே நேரத்துக்கு போன் பண்ணினேன்.' மின்சோ இரண்டு முறை படித்தார். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதார், மகனும் அழுதான். அல்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஸ்பானிஷில் ஏதோ சொல்லி ஆளுக்கொரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மணி இரண்டு ஆனது, படுத்தார்கள். நான்குக்கு எழுந்து பார்த்தபோது டீச்சர் வந்துவிட்டுப் போயிருந்தார். பிளாமெனின் இரண்டு வரியில் ஐந்து இடத்தில் சிவப்புக் கோடு, 'எழுத்தெல்லாம் மறந்துவிட்டாயா? திருத்தி எழுது. 4.' அதற்கும் கீழே, எல்லாரும் படுத்திருந்த நேரத்தில் தூக்கம் வராமல் அல்பா தன் பெயரை ஸ்பானிஷ் எழுத்தில் கோணலாக எழுதி வைத்திருந்தாள். அதற்குப் பக்கத்தில் கொழுகொழுவென்று ஒரு ஆறு.

"இது அநியாயம்டி!" என்று மின்சோ நாற்காலியைப் பார்த்துக் கத்தினார். "ஒரு வருஷமா மாடு மாதிரி எழுதறேன், நாலத் தாண்ட விட்டதில்ல. பேரு மட்டும் எழுதினதுக்கு ஆறா? அதுவும் நம்ம எழுத்துகூடக் கெடையாது!"

பிளாமென் ஞாயிற்றுக்கிழமை திரும்புவதற்கு டிக்கெட் வாங்கி வைத்திருந்தான். ஆனால் அந்த வீட்டில் வளர்ந்தவன். டீச்சர் திருத்தி எழுதச் சொன்னதை எழுதி முடிக்காமல் மேசையை விட்டு எழுந்து போன சரித்திரம் அங்கே கிடையாது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அப்பாவிடம் பேனா கேட்டான். ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் வீணானது, திங்கட்கிழமை நாலே கால் கிடைத்தது. புதன்கிழமை நாலரை. செப்டம்பரில் அல்பாவை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள், வேன் டிரைவர் அவர்களுடைய மிச்சச் சாமான்களை இரண்டு நடையில் கொண்டுவந்து இறக்கினார்.