இருபது நொடிப் பெட்டி

1

இந்தக் கதை என் மனதில் தானாக உதிக்கவில்லை. ஒரு மேலாளர் கேட்டதற்காக எழுதுகிறேன். "ஊழியர்களுக்குக் கண் பாதுகாப்பு பத்தி ஒரு குட்டிக் கதை வேணும். முடிவு நல்லா இருக்கணும்" என்றார். என்னிடம் பேசிய அரைமணி நேரமும் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை மகானுபாவர்.

2

முதல் தொடக்கம்: 'கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு என்று...'

(வேண்டாம். கண்ணைப் பற்றி எழுதுகிறவனெல்லாம் இந்தப் பழமொழியில்தான் வந்து முட்டிக்கொள்கிறான்.)

இரண்டாம் தொடக்கம்: வானிலிருந்து எடுத்த படங்களைத் திரையில் பார்த்துத் தெருக்களைக் கோடாக வரைவது அவள் வேலை. அலுவலகத்தில் அவளுக்கு வரைபடக்காரி என்றே பெயர். ஒரு மாதமாகக் கண் எரிகிறது; ஒற்றைத் தெரு இரட்டையாகத் தெரிகிறது. வீட்டில் வேலைக்குப் போகும் ஒரே ஆள் அவள்தான்.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

கண் மருத்துவர் சொன்னது சுலபம்: இருபது நிமிடத்துக்கு ஒரு முறை, இருபது அடி தள்ளி எதையாவது இருபது நொடி பாருங்கள். சுலபமாக இருந்தால் அவள் அலுவலக மேலாளருக்குப் பொறுக்குமா? திரையில் ஒரு பெட்டி வரும்படி செய்தார். அதில் இருபதிலிருந்து எண்கள் இறங்கும். ஒன்று வந்ததும் 'தூரம் பார்த்தேன்' என்ற பொத்தானை உடனே அழுத்த வேண்டும். தவறினால் 'ஓய்வெடுக்கவில்லை' என்று பதிவாகும். மூன்று தடவை தவறினால் வேலை போய்விடும்.

ஆகவே கண்ணுக்கு ஓய்வு கொடுப்பதற்காக மொத்த அலுவலகமும் இமைக்காமல் திரையையே முறைத்தது.*

* மிகைப்படுத்துகிறேன் என்கிறவர்கள் எந்த அலுவலகத்திலும் வேலை பார்த்திருக்க மாட்டார்கள். கொடுத்துவைத்தவர்கள்.

4

வரைபடக்காரி மட்டும் நிஜமாகவே ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பிழைக்கத் தெரியாதவள். இரண்டு தடவை தவறினாள். மேலாளர் கூப்பிட்டார்.

"இந்த மாடியிலயே நீங்க ஒருத்தர்தான் கண்ணைக் கவனிச்சுக்கல."

"பாத்தேன் சார். எதிர்க் கட்டடத்து மாடியில ஒருத்தர் தண்ணித்தொட்டி கழுவிட்டிருந்தார்."

"பதிவுல இல்லையே."

"தொட்டியில இருந்தார் சார்."

(இந்த இடத்தில் அவளை அழவைக்கப் பார்த்தேன். மாட்டேன் என்றுவிட்டாள்.)

5

என்னிடம் கதை கேட்ட மேலாளருக்கான முடிவு: அவள் திருந்தி, பொத்தானை அழுத்தி, கண்ணொளி பெற்று... த்தூ. கிழித்துப் போட்டேன்.

என் முடிவு: மூன்றாவது பெட்டி வந்துவிட்டது. இருபது, பத்தொன்பது. அவள் நாற்காலியைத் திருப்பி ஜன்னலைப் பார்க்கிறாள். எதிர் மாடியில் தொட்டிக்காரர் அழுக்குத் தண்ணீரை வாளி வாளியாகக் கொட்டுகிறார். ஒரு மாத எரிச்சல் கொஞ்சம் அடங்குகிறது. பக்கத்து இருக்கைப் பெண் கிசுகிசுக்கிறாள்.

"அக்கா, ஏழுக்கு வந்துடுச்சு. திரும்புங்கக்கா."

அவளைத் திருப்ப எனக்கு மனமில்லை. பொத்தானை உங்களிடம் விட்டுவிடுகிறேன். அழுத்தினால் அவள் வேலை தப்பும். நாளை முதல் அவளும் பெட்டியை முறைப்பாள். விட்டுவிட்டால் அவள் வீட்டாருக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆறு. ஐந்து. என் முகத்தை என்ன பார்க்கிறீர்கள்? எனக்கும் கண் எரிகிறது. நான் ஜன்னலுக்குப் போகிறேன்.