பதில் வராத கோஷம்

என் மனைவி அன்னக்கொடி கல்யாணமான நாளிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. கோபம் எதுவும் இல்லை. கல்யாணத்துக்கு முந்தைய வருடம் நகர மண்டபத்தில் அவள் எழுப்பிய கோஷத்துக்கு இன்னும் பதில் வரவில்லை, அவ்வளவுதான். கோஷம் எழுப்பியவர், பதில் வருகிறவரை அடுத்த வார்த்தை பேசக் கூடாது என்பது எங்கள் சங்கத்தின் ஒழுங்கு. மற்றவர்கள் அதை வசதிப்படி மறந்தார்கள். அவள் மறக்கவில்லை.

அன்று பஞ்சாலைத் தொழிலாளர்கள் மண்டபத்தை நிறைத்திருந்தார்கள். அவள் மேடையேறி, "ஆலைக்குள்ளே பிள்ளைக் காப்பகம்!" என்றாள். "வேண்டும், வேண்டும்" என்று கூட்டம் வாய் திறப்பதற்குள் போலீஸ் தடியோடு நுழைந்துவிட்டது. கூட்டம் கலைந்தது. கோஷம் மட்டும் வெளியேற வழி தெரியாமல் குவிமாடத்துக்குள் போய்த் தங்கிவிட்டது. மண்டபத்தைப் பூட்டினார்கள். பிற்பாடு அதைப் பாதுகாக்கப்பட்ட புராதனக் கட்டடமாக அறிவித்தார்கள்.

காவல்காரர் விடுகிற நாட்களில் நான் உள்ளே போய்ப் பார்ப்பேன். கோஷம் குவிமாடத்தின் விளிம்பை ஒட்டிச் சுற்றிக்கொண்டிருக்கும். "வேண்டும், வேண்டும்" என்று கத்துவேன். கொஞ்சம் தாழ இறங்கிவந்து, ஒரே ஒரு ஆள்தான் என்று தெரிந்ததும் மேலே போய்விடும். அதைக் குற்றம் சொல்ல முடியாது. அது கூட்டத்துக்காக எழுப்பப்பட்டது.

கூட்டத்துக்கு நான் எங்கே போவது? ஆலை மூடிவிட்டது. தடித்த புத்தகங்களைக் கரைத்துக் குடித்த தோழர்கள் அந்த ஆலை நிலத்தையே மனை போட்டு விற்கும் தரகர்களாகிவிட்டார்கள். நான் படித்ததெல்லாம் நாலணாப் பிரசுரங்கள். மனை விற்பதைப் பற்றி அவற்றில் எதுவும் போட்டிருக்கவில்லை.

இந்த நிலையில்தான் மண்டபத்தைக் குளிரூட்டிய விழா அரங்கமாக மாற்றும் திட்டம் வந்தது. குவிமாடத்துக்குக் கீழே ஃபால்ஸ் சீலிங் போடுவார்களாம். போட்டபின் மேலே இருப்பது மேலேயே இருக்கும், கீழே அன்னக்கொடி வாய்மூடியே இருப்பாள். நான் ஆட்சேபணை கொடுத்தேன். கருத்துக்கேட்புக் கூட்டத்தை அந்த மண்டபத்திலேயே வைத்தார்கள்.

எங்கள் தரப்பில் நானும் அன்னக்கொடியும். ஒப்பந்தக்காரர் தங்கப்பழம் ஒரு லாரி நிறைய ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார். வாழ்நாள் முழுக்கக் கூலிக் கூட்டத்தைத் திட்டித் துண்டுப் பிரசுரம் போட்டவன் நான். அந்தக் கூட்டத்தின் நடுவில்தான் எனக்கு நாற்காலி கிடைத்தது. பக்கத்தில் இருந்த பெண்ணின் பெயர் பேச்சி.

"என்ன பெரியவரே, நீங்க எந்தப் பக்கம்?"

"எதிர்ப்பு."

"நாங்க ஆதரவு. அடுத்த வாரம் எதிர்ப்புக்கும் ஆள் வேணும்னா சொல்லி விடுங்க, வர்றோம்."

"கூலிக்குக் கூட்டம் சேர்த்து எனக்குப் பழக்கமில்லை."

"அதான் ஒண்டியா உக்காந்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு கடலை மிட்டாயை உடைத்துப் பாதியை என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

புராதனக் கட்டடக் குழுத் தலைவர் நளாயினி அம்மையார் என் ஆட்சேபணையை வாசித்துவிட்டு மேலே பார்த்தார். கோஷம் சுற்றிக்கொண்டிருந்தது.

"அது கட்டடத்தின் பகுதியா, கட்டடத்தில் குடியிருப்பதா?"

"பகுதி. குடியிருப்பது என்றால் காலி செய்யச் சொல்வீர்கள்."

"பகுதி என்றால் அதை மாற்றக் கூடாது. நீங்கள் அதற்குப் பதில் சொல்லி இறக்கிவிட நினைக்கிறீர்கள். அதுவும் மாற்றம்தானே, ஐயா?"

தங்கப்பழம் தொடையைத் தட்டினார். இப்படிப்பட்ட கேள்விகளால்தான் எங்கள் சங்கம் மூன்றாக உடைந்தது. நான் நிதானமாக எழுந்தேன்.

"கதவும் கட்டடத்தின் பகுதிதான், அம்மா. இன்று காலை அதைத் திறந்துதான் எல்லோரும் உள்ளே வந்தோம். அதை மாற்றம் என்று யாரும் எழுதிக்கொள்ளவில்லை."

அம்மையார் அதைக் குறித்துக்கொண்டார். "சரி. பதில் சொல்லலாம். கூட்டம் முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் திட்டத்துக்கு அனுமதி கொடுப்பேன். உங்கள் பக்கம் எத்தனை பேர்?"

"நான் ஒருவன். எழுப்பியவரே பதில் சொல்ல முடியாது."

இதற்குள் கோஷம், கீழே நிறையத் தலைகள் தெரிவதைப் பார்த்து, தூண் உயரத்துக்கு இறங்கிவிட்டது. அன்னக்கொடியின் அந்த வயதுக் குரல் மண்டபத்தில் தெளிவாகக் கேட்டது: "ஆலைக்குள்ளே பிள்ளைக் காப்பகம்!"

நான் மட்டும் "வேண்டும், வேண்டும்" என்றேன். அது தயங்கியது.

"யாரும் வாயத் தொறக்கக் கூடாது!" என்றார் தங்கப்பழம். "கையத் தூக்கத்தான் கூட்டிட்டு வந்திருக்கேன்."

"அதத்தான் நானும் சொல்றேன். வாய நீங்க வாங்கல, அண்ணாச்சி. அது எங்கதுதான்" என்றாள் பேச்சி. அவள் எழுந்து சேலையை இழுத்துச் செருகினாள். "எங்கம்மா என்னைய ஆலை கேட்டுக்கு வெளிய வேப்ப மரத்துல தூளி கட்டிப் போட்டுட்டுத்தான் உள்ள போவா. எறும்பு கடிச்ச தழும்பு இன்னும் இருக்கு. ஏய், எந்திரிங்கடி!"

அவர்கள் எழுந்தார்கள். "வேண்டும்! வேண்டும்!" என்றார்கள். எத்தனையோ மேடைகளுக்குப் பழகிய தொண்டைகள், ஒன்று கூடப் பிசகவில்லை. கோஷம் நேராக இறங்கி அவர்கள் நடுவில் அடங்கியது.

அன்னக்கொடி எழுந்து நின்றாள். "ராத்திரி ஷிப்ட் பெண்களுக்கு வண்டி!" என்றாள். "வேண்டும்! வேண்டும்!" அடுத்தது, அதற்கடுத்தது என்று எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருந்தாள். ஆலை மூடிக் கிடக்கிறது என்று யாரும் குறுக்கிடவில்லை. அன்று நின்றுபோன கூட்டத்தை முறைப்படி நடத்தி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"தோழர், குடிக்கத் தண்ணி இருக்கா?"

"இருக்கு" என்றேன். புட்டியைத் திறந்து நீட்டினேன்.

அவள் குடித்துக்கொண்டிருந்தபோது, பாரம் குறைந்த குவிமாடம் சுவரை விட்டு ஒரு முழம் மேலெழுந்து நின்றது. இடைவெளி வழியாகக் காற்று வந்தது. மண்டபம் குளிர்ந்தது. ஃபால்ஸ் சீலிங் தொங்கவிட இனி மேலே பிடிமானம் இல்லை என்று தங்கப்பழம் அளவு நாடாவைச் சுருட்டினார். அம்மையார் "கட்டடம் உள்ளது உள்ளபடி" என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

மறுநாள் நகராட்சி ஆட்கள் வந்து குவிமாடத்தைத் தூண்களோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினார்கள். ஆடிக் காற்று எழும்பினால், தூண்கள் பெயர்ந்துவிடாமல் இருக்க, கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும். அந்த வேலையைப் பேச்சிக்கு நிரந்தரமாகக் கொடுத்திருக்கிறார்கள்.