சீவாளி இல்லாத குழல்

...அடுப்பில் செருகிவிட்டால் உடனே பிடித்துக்கொள்ளும், நன்றாகக் காய்ந்த மரம், முந்திரிச் சுள்ளிகளுக்கு நடுவே இதுவும் ஒரு சுள்ளி, எலி இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று சொல்லிவிடலாம், எலிக்கு எதற்குடி குழல் என்று கேட்பாரா, கேட்கமாட்டார், எதைத்தான் கேட்டிருக்கிறார் இந்த மனிதர்... சண்டை முடிந்து, பஸ்ராவில் பட்டாளத்து லாரி ஓட்டியது போதும் என்று ஊர் வந்து ஒரு வெள்ளாமையே முடிந்துவிட்டது, தனம் எப்படிச் செத்தாள் என்று என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. பெற்ற மகள். அவர் கப்பல் ஏறும்போது என் வயிற்றில் இருந்தவள், முகம் பார்க்காத பிள்ளை, அதனால் கேட்கத் தோன்றவில்லையோ என்னவோ என்று அவருக்காக நானே சமாதானமும் சொல்லிக்கொள்கிறேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். சோளச்சோறு கொதிக்கிறது, வலது கையால் துடுப்பைப் போட்டுக் கிண்டுகிறேன், இடது கையில் குழல் அப்படியே இருக்கிறது.

"வெயில் படாத எடமா வையி, கீழ கீழ போட்டுறாத" என்று கைப்பிள்ளையை ஒப்படைக்கிற மாதிரி ஒப்படைத்துவிட்டு விடியற்காலையில் கிளம்பினார், அரியலூர் வரைக்கும் நடை, அங்கிருந்து கரியில் ஓடுகிற பஸ்ஸில் கொள்ளிடக்கரைக்கு, அங்கே கொறுக்கைத் தட்டையைச் சீவி நாயனத்துக்கு ஊதுவாய்ச் சீவாளி செய்கிறவர்கள் இதற்கும் ஒன்று செய்து தருவார்களாம். இந்தக் குழலுக்குத் துதுக் என்று பெயராம். ஒரு முழங்கூட இல்லை, ஏதோ ஒரு பழ மரத்தைக் குடைந்தது, சீவாளி மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு இருந்தது. பஸ்ராவில் லாரி பழுது பார்த்த ஹாகோப் என்ற அர்மீனியக்காரர் இவர் புறப்படும்போது கொடுத்தது. அவர்கள் ஊரில் இதை இரண்டு பேராகத்தான் ஊதுவார்களாம், ஒருத்தர் பாட்டு வாசிக்க, இன்னொருத்தர் ஒரே சுரத்தை மூச்சு அறாமல் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், நம் ஊர் ஒத்து மாதிரி. இவர் பிடித்தது ஒத்து. வேறென்ன, ஊரில் யார் எதைச் சொன்னாலும் ஒத்து ஊதுகிறவருக்கு அங்கேயும் அதே வேலைதான் கிடைத்திருக்கிறது... முந்தின சண்டையில் அந்த ஹாகோப்பை ஊரோடு விரட்டிப் பாலைவனத்தில் நடக்க விட்டார்களாம், பிள்ளைகள் எல்லாம் வழியிலேயே போய்விட்டன. "மூத்தது பெட்ரோசு, அடுத்தது ஆனி, கடக்குட்டி சிரானுசு. அதுங்களுக்குன்னுதான் அந்தப் பாட்ட ஊதுவாரு, கேட்டா சோறு எறங்காது" என்று சொன்னபோது இவர் கண் கலங்கியது. இவரோடு அதே பட்டாளத்தில் இருந்த நம் ஊர்ப் பிச்சைமுத்து லீவு முடிந்து திரும்பிப் போய் நம் பிள்ளை செத்த சேதியைச் சொன்ன அன்றைக்கும் அந்தப் பாட்டுக்குத்தான் ஒத்துப் பிடித்துக்கொண்டிருந்தாராம், பிச்சைமுத்துதான் சொன்னான், இவர் சொல்லவில்லை. யாரோ பெற்ற பிள்ளைகளின் பெயரெல்லாம் வாயில் வருகிறது. தனம் என்று ஒரு தடவை வரட்டுமே, ஒரே ஒரு தடவை.

வந்த புதிதில் சீவாளி உயிரோடு இருந்தது. தண்ணீரில் நனைத்து, கொஞ்ச நேரம் ஊற வைத்து, எடுத்து ஊதினார், பாட்டெல்லாம் தெரியாது, அதே ஒற்றைச் சுரம். அது மரத்திலிருந்து வருகிற சத்தமா... வாயைப் பொத்திக்கொண்டு யாரோ அழுகிற மாதிரி இருந்தது, கையில் இருந்த முறத்தை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். எதிர்வீட்டு வீராயி தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஓடி வந்துவிட்டாள், "அய்யய்யோ கண்ணையா, யாருக்கு என்னாச்சு?" என்று. எழவு இல்லை, குழல் என்று தெரிந்ததும் தலையை அள்ளி முடிந்துகொண்டு, "வெளக்கு வெக்கிற நேரத்துல இப்புடி ஊதுறியே, வூடு வெளங்குமா?" என்று வைதாள், நானும் சேர்ந்து வைதேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு அது நிற்கக்கூடாது என்று இருந்தது, ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. தனத்துக்குப் பறை இல்லை, ஒப்பாரி இல்லை, பச்சைப்பிள்ளைக்கு அதெல்லாம் எதற்கு என்று துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள், "அடுத்தது பொறக்கும், அழுவாத" என்று அன்றைக்கு என் வாயைப் பொத்தியதே இந்த வீராயிதான். என் வீட்டில் எழவு என்று ஒரு மனுஷி தலைவிரித்து ஓடி வந்தது அந்தக் குழல் ஊதிய அன்றைக்குத்தான். பிறகு பங்குனி வெயிலில் சீவாளி வெடித்துப் போயிற்று, இவர் அதற்குத் துக்கம் காத்தார்.

போட்டுவிட வேண்டியதுதான்... கிட்டே கொண்டுபோனதும் அனல் பட்டு மரம் வாசனை விடுகிறது, அந்தப் பழம் எப்படி இருக்குமோ, இனிக்குமோ புளிக்குமோ. ஒரு தடவை ஊதிவிட்டுப் போட்டால் என்ன, யார் பார்க்கப் போகிறார்கள், சீவாளி இல்லாத குழலில் என்ன வரும், காற்றுதான் வரும். ஊதினேன். கரகரவென்று அடைத்துக்கொண்டு, அதற்குள் மெல்லிசாக ஓர் இழுப்பு... ஐயோ, இது எனக்குத் தெரியும். தொண்டை அடைப்பான் வந்தவளை மடியில் போட்டு அரியலூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிப் போனபோது கேட்டுக்கொண்டே வந்தேனே, மாட்டுக் கழுத்து மணியை மீறிக் கேட்டதே, "நிறுத்தாதடி, மூச்ச நிறுத்தாதடி என் தங்கம்" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டே போனேனே, ஊர் எல்லை தாண்டி, விடிகிற நேரத்துக்கு... காக்கிச்சட்டை போட்ட தபால்காரரைக் கண்டால் அப்பா என்று ஓடுவாள். அதைக்கூட இவரிடம் சொன்னதில்லை. அவர் கேட்கவில்லை, சரி, நான் சொன்னேனா? என் வாயில்தான் அவள் பெயர் வந்ததா? இன்னொரு தடவை ஊதினேன், அதே சத்தம், இன்னொரு தடவை, அடுப்பை மறந்தேன்.

வாசலில் நிழல் தட்டியது. இவர்தான், காலெல்லாம் புழுதி, வெறும் கை. "செய்யத் தெரியாதுன்னுட்டாங்க, நம்ம கொறுக்கையில அம்மாம் அகலம் வராதாம்..." என்று ஆரம்பித்தவர் என் வாயில் குழலைப் பார்த்துவிட்டார். பிடுங்குவார் என்று நினைத்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் எதிரில் வந்து குந்தினார், இத்தனை நாளில் இப்படி என்னைப் பார்த்ததில்லை. "அப்புடித்தான்" என்றார், "அப்புடித்தான் ஒத்துப் புடிக்கணும். நிறுத்தாத பூங்காவனம், மூச்ச மட்டும் நிறுத்தாத." சோறு அடிப்பிடிக்கிற நாற்றம் வருகிறது. எதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று அவருக்குத் தெரியாது. நிறுத்தினால் சொல்ல வேண்டும், எதிலிருந்து சொல்வது, நெஞ்சு வலிக்கிறது, ஊதிக்கொண்டே இருக்கிறேன்...