ஜலஜா வீட்டுக் கொல்லையில் பேரரசு

1993 ஏப்ரலில், தக்காளி விலை இறங்கிய வாரத்தில், நியூ ஜெர்சியின் வெஸ்ட் வின்ட்சரில் மகாதேவன் வீட்டுக் கொல்லையில் பிரெஞ்சுப் பேரரசு தெரியவந்தது. பனி உருகிய புல்லில் முழங்கால் உயரத்துக்குப் பாரிஸ் நகரம் முளைத்திருந்தது. மக்கள் கட்டைவிரல் அளவு இருந்தார்கள். குடியரசுத் தலைவராக ஓட்டு வாங்கி வந்தவர் ஒரு டிசம்பர் விடியலில் சட்டசபையைப் பூட்டிவிட்டாராம். பிறகு ஊரைக் கேட்டார், ஊர் சரி என்றது, பேரரசர் ஆகிவிட்டார். எல்லாம் பனிக்கு அடியில் நடந்ததால் வீட்டுக்காரர்களுக்குத் தெரியவில்லை.

இந்த விவரத்தைக் கேட்டுச் சொன்னவள் மகாதேவனின் மனைவி ஜலஜா. பாண்டிச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள். கணவனின் விசாவில் வந்ததால் வேலைக்குப் போக அனுமதி இல்லை. மகள் ஹம்சாவை டேகேரில் விட்டுவந்தால் மாலைவரை பேச்சுத்துணைக்கு ஆளில்லை. இப்போது தினமும் காபி டம்ளரோடு புல்லில் உட்கார்ந்து, மார்கோ என்ற சலவைக்காரியோடு பேசினாள். மார்கோ அரசாங்கத்தைச் சத்தமாகத் திட்டுவாள். போலீஸ் வந்தால் ஜலஜாவின் செருப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள்.

பேரரசு செழித்தது. சந்துகளை இடித்து நேர்நேராக அகலச் சாலைகள் போட்டார்கள், விளக்கு வைத்தார்கள், ரயில் விட்டார்கள். வேலை முடிந்து பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலிறங்கி வீடு வரும் மகாதேவன், "ஜலஜா, லான் மோ பண்ண முடியல. டெக் வரைக்கும் ரோடு போட்டுட்டானுங்க" என்பான். "பார்த்து நடங்க, அங்க ஆப்பரா ஹவுஸ் கட்டுறாங்க" என்பாள் அவள். சந்துகளில் வீடிழந்தவர்கள் மூட்டை முடிச்சோடு கராஜுக்குக் குடிவந்தார்கள். மகாதேவன் காரை வெளியே நிறுத்தப் பழகிக்கொண்டான். பேரரசர் அரண்மனையை விட்டு வெளியே வந்து யாரும் பார்த்ததில்லை. படைகளை மட்டும் தூரதேசத்துக்கு, அதாவது மெயில்பாக்ஸ் வரைக்கும், அனுப்பினார்; பாதிப் பேர் திரும்பவில்லை.

1999 ஜூலையில் அவர் பக்கத்து வீட்டுக் கொல்லையில் இருந்த பிரஷ்யர்கள் என்ற ஜெர்மானியர்கள்மேல் போர் தொடுத்தார். அங்கே குடியிருந்த விசாலாக்ஷிக்குத் தன் ரோஜாச் செடிகளுக்குள் பிரஷ்யர்கள் இருப்பது தெரியும். ஒழுங்கானவர்கள் என்று நல்ல அபிப்பிராயம். இந்தமுறை தானே படையோடு போன பேரரசர் செப்டம்பரில் வேலியோரம் பிடிபட்டார். சேதி வந்ததுமே பாரிஸ்காரர்கள் தெருவில் இறங்கி, அரச முத்திரைகளைப் பெயர்த்தெறிந்து, குடியரசு என்று அறிவித்தார்கள். ஒருவர் மூக்கும் உடையவில்லை. ஆனால் பிரஷ்யர்கள் நகரை வளைத்துக்கொண்டார்கள். உள்ளே ஒரு வண்டி போகவில்லை. மார்கோவின் கன்னங்கள் ஒட்டிப்போயின.

"அம்மா, தே ஆர் ஸ்டார்விங்!" என்று ஹம்சா அழுதாள்.

அதுவரை ஊர் விவகாரத்தில் தலையிடாதிருந்த ஜலஜா, ஒரு ஞாயிறு காலை இட்லிப் பானையைத் தூக்கிக்கொண்டு முற்றுகைக்குள் இறங்கினாள். பிரஷ்யர்கள் அவள் கணுக்காலில் பீரங்கியால் சுட்டார்கள். கொசுக்கடி போலத் தடித்தது, ரத்தமும் துளிர்த்தது. அவள் நிற்கவில்லை. தெருவுக்கு ஒரு இட்லி என்று வைத்துக்கொண்டே போனாள். வேலிக்கு அப்பாலிருந்து பார்த்த விசாலாக்ஷி, "சாப்பாடு எடுத்துட்டுப் போறவளையா சுடுறீங்க? வெக்கமா இல்ல?" என்று போட்டாளே ஒரு சத்தம்! பிரஷ்யர்களுக்கு மொழி புரியவில்லை, தொனி புரிந்தது. பீரங்கிகளைத் துடைத்து எடுத்துக்கொண்டு வரிசையாக ரோஜாச் செடிகளுக்குத் திரும்பினார்கள்.

அடுத்த வசந்தத்தில் குடியரசு தேர்தல் வைத்தது. "சோறு போட்டவளுக்கு ஓட்டு இல்லையா?" என்று மார்கோ ஒரு பெட்டிமேல் ஏறிக் கத்தினாள். மார்கோவுக்கே ஓட்டு இல்லை என்பது அப்போதுதான் ஆண்களுக்கு உறைத்தது. கூச்சப்பட்டுக்கொண்டு எல்லாப் பெண்களுக்கும் கொடுத்துவிட்டார்கள். கிரீன் கார்டுக்குக் காத்திருந்த ஜலஜாவுக்கு அமெரிக்காவில் கிடைத்த முதல் ஓட்டு அது. அவள் தலைவாரி, பொட்டு வைத்து, புல்லில் மண்டியிட்டு, கடுகளவு சீட்டை விரல்நுனியில் ஒட்டிப் பெட்டிக்குள் போட்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பட்டாளத்து பாண்டு வாத்தியம் முழங்கியது; மகாதேவன் கைதட்டினான்.

விசாலாக்ஷி வேலிமேல் எட்டிப் பார்த்தாள். "எந்தப் பார்ட்டிக்கும்மா போட்டே?"

"அது சீக்ரெட், ஆன்ட்டி" என்றாள் ஜலஜா, முழங்காலில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டபடி.