ஊர்வலம் கடந்துபோன வாசல்

பூட்டுக்கடைக்காரர் வீட்டில் ஊர்வல நாளன்று ஜன்னல் திறந்ததாகச் சரித்திரமே இல்லை. கொட்டும் கூத்தும் இறைவனுக்கு ஆகாது என்பது அவர்கள் நெறி. மத்தியானம் தாழ் போட்டுப் பிரார்த்தனையில் அமர்ந்தால், முரசுச் சத்தம் அடியோடு ஓய்ந்த பிறகுதான் எழுவார்கள். கடிகாரம் பார்ப்பதில்லை, காதுதான் சாட்சி.

இந்த வருஷம் அவர் மனைவிக்கு இதய ஆபரேஷன் முடிந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. பெரிய சத்தம் கேட்டுப் பதறவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். வேறு வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றால் அவளால் வாசற்படிகூட இறங்க முடியாது.

“விழாக் கமிட்டிக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன மாமா? வாய்க்கும் பூட்டா?” என்றான் மைத்துனன்.

“நாப்பது வருஷமா நாம முகம் கொடுக்காதவங்ககிட்ட இப்பப் போய்ப் பல்லைக் காட்டச் சொல்றியா? அவங்க ஆட்டம் அவங்களுக்கு, நம்ம மானம் நமக்கு.”

“சரி, அந்த மானத்தை வச்சே அக்கா காதை அடைச்சிடுங்க.”

அவர் ஜன்னல் இடுக்கில் எல்லாம் பழந்துணி திணித்தார். மனைவியின் கையைப் பிடித்தபடி கட்டிலோரம் உட்கார்ந்தார்.

தூரத்தில் முரசு கிளம்பியது. நெருங்கியது. தெருமுனையில் அது அதிர்ந்தபோது அவர் பிரார்த்தனையின் வரி தவறியது. அப்புறம், சட்டென்று ஒன்றுமே இல்லை.

கால்மணி நேரம் பொறுத்தார். ஊர்வலம் வேறு பக்கம் திரும்பிவிட்டது என்று முடிவுகட்டி, மனைவிக்குக் காற்று வரட்டுமென்று வாசற்கதவைத் திறந்தார்.

தெரு கொள்ளாத ஜனம். செருப்பைக் கையில் பிடித்து, நுனிக்காலில் நடந்துகொண்டிருந்தார்கள். முரசுகளின்மேல் போர்வை. மூன்று மாடி உயரக் காகிதப் பறவை, சக்கரங்களில் சாக்குச் சுற்றி, மேகம்போல் நகர்ந்து வந்தது. வண்ணம் பூசிய முகங்களில் ஒன்றுகூட இருமவில்லை. வழிபாட்டுக் கூடத்தில்கூட இப்படியொரு அமைதியை அவர் கண்டதில்லை.

“நீ போய்ச் சொன்னியா?” பின்னால் வந்து நின்ற மைத்துனனைக் கேட்டார்.

“சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கங்கன்னுதான் மாமா கேட்டேன். இது அவங்களாப் பண்றது. கதவைச் சாத்திடட்டுமா?”

“தொடாதே! நம்ம வீட்டுக்கு மரியாதை பண்றவங்க மூஞ்சியில கதவைச் சாத்தற வழக்கம் இந்தக் குடும்பத்துல கிடையாது.”

வாசலில் நிமிர்ந்து நின்றார். பறவையின் சிறகு நிழல் அவர்மேல் விழுந்து கடந்தது. பிறந்ததிலிருந்து பார்க்காததை அண்ணாந்து பார்த்தார்.

“எல்லாரும் போயாச்சாங்க?” உள்ளிருந்து மனைவி கேட்டாள்.

“இன்னும் இல்ல” என்றார், அவர்களின் அமைதி குலையாதபடி குரலைத் தாழ்த்தி.